கமாயிஷி இரும்பாலையும் அதன் ரக்பிக் குழுவும்

ஜப்பானிய விளையாட்டு வரலாற்றை ஆராய்வோர் கண்ணில் ஒரு புதுமை தென்படும். பிற நாடுகளில் ஆட்டக் குழுக்கள் பெரும்பாலும் ஊரின் பெயரையோ வட்டாரத்தின் பெயரையோ தாங்கி நிற்பது வழக்கம். ஜப்பானிலோ நெடுங்காலமாகப் பெருங் கம்பெனிகளின் பெயரைத் தாங்கியே குழுக்கள் களத்தில் இறங்கின. ஆட்டக்காரர் யாவரும் அக்கம்பெனியின் ஊழியர். பயிற்சித் திடலும் தங்குமிடமும் கம்பெனியின் உடைமை. கம்பெனி செழிக்கும்வரை குழுவும் செழிக்கும். கம்பெனியார் செலவுக் கணக்கை நெருங்கிப் பார்க்கத் தொடங்கினால் குழுவுக்கு முடிவு வந்துவிடும். இவ்வாறு தோன்றி மறைந்த கம்பெனிக் குழுக்கள் பல. அவற்றுள் முதலிடம் பெறத்தக்கது, வடகிழக்கு ஜப்பானில் கமாயிஷி என்னும் சிற்றூரின் இரும்பாலை நடத்திய ரக்பிக் குழுவாகும். 1959ஆம் ஆண்டில் தோன்றி, 1979 முதல் 1985 வரை தொடர்ந்து ஏழாண்டு நாட்டின் வெற்றிப் பட்டத்தை ஏந்தி, 2001ஆம் ஆண்டில் கம்பெனியின் உடைமை என்னும் நிலை நீங்கிய குழு அது. கம்பெனி விலகிய பின்னர் குழு யாருக்கு உரியது என்னும் கேள்விக்கு அதன் வரலாற்றில் விடை கிடைக்கிறது.

இரும்பின் ஊர்

தோக்கியோ மாநகருக்கு வடக்கே நானூறு கிலோமீட்டருக்கு அப்பால், இவாத்தே மாநிலத்தின் கடலோரத்தில் கமாயிஷி அமைந்துள்ளது. ஒருபுறம் பசிபிக் மாகடல். மற்றொரு புறம் மலை. இரண்டுக்கும் இடையே ஒடுங்கிய பள்ளத்தாக்கில் ஊர் நீண்டு கிடக்கிறது. மீன்பிடித் தொழிலொன்றையே நம்பியிருந்த இச்சிற்றூரின் தலைவிதியை மாற்றியது மலையிற் கிடைத்த இரும்புத் தாதுவாகும். 1857ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று, ஓஷிமா தகாத்தோ என்னும் அறிஞர் இம்மலைப் பகுதியில் மேனாட்டு முறையில் ஊதுலை அமைத்து, தாதுவை உருக்கி இரும்பு வடித்தார். ஜப்பானின் நவீன இரும்புத் தொழில் அன்றே பிறந்தது என்பர். அந்நாளே இன்றும் அந்நாட்டில் இரும்பு நாளாகப் போற்றப்படுகிறது. அருகிலுள்ள ஹஷினோ என்னுமிடத்தில் எஞ்சியுள்ள பழைய உலைகளின் இடிபாடுகள் 2015ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டன.

பின்னர் ஜப்பானிய அரசாங்கம் ஆங்கிலேயப் பொறியியல் முறையைத் தழுவிப் பெரிய ஆலையொன்றைக் கமாயிஷியில் நிறுவியது. 1880ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய அவ்வாலை, எரிபொருட் குறைவாலும் பிற இடர்களாலும் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. கைவிடப்பட்ட அவ்விடத்தைத் தனக்கா சோபே என்னும் வணிகர் ஏற்று நடத்தினார். அவருடைய ஆட்கள் சிறு உலைகளில் 48 முறை முயன்று தோற்றனர் என்றும், 1886ஆம் ஆண்டில் 49ஆம் முறையே இரும்பு வழிந்தது என்றும் ஆலை வரலாறு கூறுகிறது. இவ்வூர் மக்களின் இயல்பை அறிவதற்கு இந்நிகழ்ச்சி ஒன்றே போதும்.

அவர்களுக்கு நேர்ந்த துன்பங்களும் சிறியவை அல்ல. 1896ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பொங்கியெழுந்த ஆழிப்பேரலை, அன்றைய கமாயிஷி மக்களில் பாதிக்கு மேற்பட்டோரை விழுங்கியது. 1933ஆம் ஆண்டில் மீண்டும் அலை வந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாளன்று அமெரிக்கப் போர்க்கப்பல்கள் இவ்வாலையின் மீது குண்டு பொழிந்தன. ஜப்பானியத் தாய்நிலத்தின்மீது எதிரிக் கப்பல்களின் பீரங்கி முழங்கியது அதுவே முதன்முறை. ஆகஸ்டு 9ஆம் நாள் நடந்த இரண்டாம் தாக்குதலில் பிரிட்டிஷ் கப்பல்களோடு நியூசிலாந்துக் கப்பலொன்றும் கலந்துகொண்டது. இவ்விரு நாட்களிலும் நூற்றுக்கணக்கான ஊர்மக்கள் மாண்டனர். ஆலையில் வேலை வாங்கப்பட்டுவந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் சிலரும் தம் நாட்டுக் குண்டுகளாலேயே உயிரிழந்தனர்.

போர் ஓய்ந்தபின் ஆலையை மீண்டும் எழுப்பினர். 1950ஆம் ஆண்டில் பழைய ஜப்பான் இரும்புக் கம்பெனி பிரிக்கப்பட்டபோது, கமாயிஷி ஆலை புஜி இரும்பு எஃகுக் கம்பெனியின் வசம் வந்தது. ஊர் பெருகியது. 1963ஆம் ஆண்டளவில் அதன் மக்கள்தொகை 92,000ஐ எட்டியது. பள்ளத்தாக்கிலிருந்த வீடுகளில் ஆலையைச் சாராத வீடு அரிது எனலாம்.

ஆலைத் தொழிலாளரின் ஆட்டம்

ரக்பி ஆட்டம் ஜப்பானுக்குப் புதியதன்று. 1899ஆம் ஆண்டில் தோக்கியோவின் கெய்யோ கல்லூரியில் எட்வர்ட் கிளார்க் என்னும் ஆங்கில ஆசிரியரும், கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பிய தனக்கா கின்னோசுக்கேயும் மாணவர்க்கு இதனைக் கற்பித்தனர். அதுமுதல் நெடுங்காலம் ரக்பி பல்கலைக்கழக மாணவரின் ஆட்டமாகவே விளங்கியது. போருக்குப் பின்னரே கம்பெனிகள் பெருவாரியாகக் குழுக்களை அமைத்தன. ஊழியரிடையே ஒற்றுமையை வளர்ப்பதும், ஆலையின் பெயரை நாடறியச் செய்வதும் அவற்றின் நோக்கம். ஆட்டத்திற்கெனத் தனிக் கூலி கிடையாது. செய்யும் வேலைக்கே சம்பளம்.

கமாயிஷி ஆலையில் 1959ஆம் ஆண்டில் ரக்பிக் குழு அமைக்கப்பட்டது. 1970ஆம் ஆண்டில் புஜி கம்பெனியும் யவாத்தா கம்பெனியும் இணைந்து நிப்பான் ஸ்டீல் என்னும் பெருங் கம்பெனி உருவாயிற்று. குழுவும் அப்பெயரை ஏற்றது. வடபுலத்து ஆலையின் குழுவாகையால் ‘வடக்கின் இரும்பு மனிதர்’ என்னும் பட்டப்பெயர் அதற்கு வழங்கலாயிற்று.

ரக்பியை அறியாதார்க்கு ஒருசிறு விளக்கம் தேவை. நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி, பக்கத்திற்குப் பதினைந்து பேர் ஆடும் ஆட்டம் இது. பந்தைக் கையால் எறிந்து கொடுப்பதானால் தனக்குப் பின்னே வருபவனுக்கே கொடுக்கவேண்டும்; முன்னே எறிதல் குற்றம். பிழை நேர்ந்து ஆட்டம் மீளத் தொடங்கும்போது, பக்கத்திற்கு எட்டுப் பேர் தோளோடு தோள் பிணைத்துக் குனிந்து, எதிர்த்தரப்பினரை நெட்டித் தள்ளுவர். இதற்கு ஸ்கிரம் என்று பெயர். முன்வரிசையில் நிற்போர்க்கு வலிமை வேண்டும். பின்வரிசையார்க்கு விரைவு வேண்டும். எல்லார்க்கும் பொறுமை வேண்டும்.

தோக்கியோவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் தேர்ந்த ஆட்டக்காரர், பட்டம் பெற்றதும் பெருநகரக் கம்பெனிகளில் சேர்வதையே விரும்பினர். தொலைவிலிருந்த கமாயிஷிக்கு வர முன்வந்தோர் மிகச் சிலர். ஆகவே, சுற்றுவட்டாரமான வடகிழக்கு மாநிலங்களின் உயர்நிலைப் பள்ளிகளிலும் தொழிற்பள்ளிகளிலும் படிப்பை முடித்த இளைஞர்களையே ஆலை தேடிச் சேர்த்தது. பகலில் ஆலை வேலை. வேலை முடிந்தபின் திடலில் பயிற்சி. பனிக்காலத்திலும் பயிற்சி நிற்பதில்லை. பதினெட்டு வயதில் சேர்ந்த இளைஞன், பல ஆண்டுகள் அதே தோழரோடு தோள் பிணைத்துப் பழகியபின்னரே முழு ஆட்டக்காரனானான். பெயர்பெற்றோரை விலைகொடுத்துச் சேர்க்க இயலாத ஆலை, பெயரற்றவரைக் காலம் செலவிட்டு உருவாக்கியது. பின்னாளில் வந்த புகழுக்கு அடிப்படை இதுவே.

இவ்வடித்தளத்தின்மேல் இரு பல்கலைக்கழகப் பட்டதாரிகள் வந்து சேர்ந்தனர். இருவரும் மெய்ஜி பல்கலைக்கழகத்தில் பயின்றோர். முதலில் வந்தவர் மோரி ஷிகேத்தாக்கா. 2019ஆம் ஆண்டில் ஜப்பான் ரக்பி சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தவர் இவரே. அடுத்து, 1976ஆம் ஆண்டில், மட்சுவோ யூஜி சேர்ந்தார். பந்து எப்பக்கம் செல்லவேண்டும், உதைப்பதா, கையளிப்பதா என்பதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவு செய்யும் பத்தாம் எண் இடத்தில் ஆடியவர் மட்சுவோ. 1983ஆம் ஆண்டில் ஜப்பானிய நாட்டுக் குழு வேல்ஸ் நாட்டின் கார்டிப் நகரில் ஆடி, 29-24 என்னும் கணக்கில் மயிரிழையில் தோற்று உலகை வியக்கவைத்தபோது அதற்குத் தலைமை தாங்கியவரும் அவரே. முன்வரிசையில் வடபுலத்துத் தொழிலாளரின் வலிமை. பின்வரிசையில் இவ்விருவரின் நுட்பம். இவை பொருந்தியபோது கமாயிஷிக்கு நிகரான குழு நாட்டில் இல்லாது போயிற்று.

தொடர்ந்த ஏழு வெற்றிகள்

1964ஆம் ஆண்டு முதல் ஜப்பானிய ரக்பியின் தேசியப் பட்டத்திற்கு ஒரு தனிமுறை இருந்தது. கம்பெனிக் குழுக்களுள் வென்றதும் பல்கலைக்கழகக் குழுக்களுள் வென்றதும் இறுதியில் நேருக்கு நேர் மோதும். இப்போட்டி ஜனவரி 15ஆம் நாள் தோக்கியோ தேசிய விளையாட்டரங்கில் நடைபெறுவது வழக்கமாயிற்று. அந்நாள், இருபது வயது நிறைந்த இளையோரை வாழ்த்தும் நாடளாவிய திருநாளாகவும் இருந்தது. இளங்கன்றுகளான மாணவர்களும் உழைத்துத் தேர்ந்த தொழிலாளர்களும் எதிரெதிரே நிற்கும் காட்சியைக் காண அரங்கு நிறைய மக்கள் திரண்டனர்.

1977ஆம் ஆண்டு ஜனவரியில் கமாயிஷி, வசேடா பல்கலைக்கழகத்தை 27-12 என வென்று முதன்முறையாகப் பட்டம் பெற்றது. மறு ஆண்டு பட்டம் கைநழுவியது. 1979இல் நிப்பான் உடற்பயிற்சிப் பல்கலைக்கழகத்தை 24-0 என வென்று மீட்டது. அதன்பின் ஆறாண்டுகள் யாராலும் அதனைப் பறிக்க முடியவில்லை. ஆண்டுதோறும் கமாயிஷியிலிருந்து தோக்கியோவுக்கு வந்த ஆதரவாளர், நிறைந்த மீன்வேட்டையோடு கரை திரும்பும் படகுகளில் ஏற்றப்படும் வண்ண வண்ணக் கொடிகளை அரங்கில் வீசினர். இரும்பாலைக் குழுவை மீனவர் கொடி வாழ்த்தியது. குழுவின் சட்டையில் இருந்தது கம்பெனியின் பெயராயினும், அக்கொடி கம்பெனிக்கு உரியதன்று. அது ஊரின் கொடி. பிற்காலத்தில் நிகழ்ந்தவற்றுக்கு இக்காட்சியிலேயே ஓர் அறிகுறி இருந்தது எனலாம்.

1985ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் நடந்த ஏழாம் இறுதிப் போட்டி இன்றளவும் பேசப்படுவது. எதிர்நின்றது கியோட்டோவின் டோஷிஷா பல்கலைக்கழகம். மாணவர் போட்டியில் மூன்றாண்டு தொடர்ந்து வென்று வந்த வலிய குழு அது. அதன் உயிர்நாடியாக விளங்கியவர் ஹிராவோ செய்ஜி என்னும் இளைஞர். ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் இருந்த மட்சுவோ, காலில் கொண்ட நோயினால் அவதியுற்ற நிலையிலேயே களமிறங்கினார். முதற்பாதியில் டோஷிஷா முந்தியது. பிற்பாதியில் ஆலைத் தொழிலாளரின் கட்டுக்கோப்பு மேலோங்க, 31-17 என்னும் கணக்கில் கமாயிஷி வென்றது. தோழர்கள் மட்சுவோவைத் தோளில் தூக்கினர். அவ்வெற்றியோடு அவர் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். கமாயிஷி குழுவுக்கும் அதுவே இறுதிப் பட்டமாயிற்று.

தோல்வியுற்ற ஹிராவோ பின்னர்க் கோபே நகரின் எஃகுக் கம்பெனிக் குழுவில் சேர்ந்தார். அக்குழு 1989 முதல் 1995 வரை தொடர்ந்து ஏழு பட்டங்களை வென்று கமாயிஷிக்கு ஒப்பானது. ஏழாவது பட்டத்தை வென்ற இரண்டாம் நாள், 1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள், கோபே நகரைப் பெரும் நிலநடுக்கம் சிதைத்தது. தொடர்ச்சியான எட்டாவது பட்டம் அதற்கும் கிட்டவில்லை.

உலை அணைந்த காலம்

கமாயிஷி களத்தில் வென்றுகொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஆலை தளர்ந்துகொண்டிருந்தது. தளர்ச்சி திடீரென வந்ததன்று. 1960களிலேயே, நாகோயா நகருக்கு அருகே கடலோரத்தில் எழுந்த பெரிய புதிய ஆலைக்குக் கமாயிஷித் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் குடும்பத்தோடு அனுப்பப்பட்டனர். குறுகிய பள்ளத்தாக்கில் ஆலையை விரிவாக்க இடமில்லை. பெருஞ்சந்தைகளோ தொலைவில் இருந்தன. 1985ஆம் ஆண்டிற்குப் பின் ஜப்பானிய யென்னின் மதிப்பு வேகமாக உயர்ந்தது. ஏற்றுமதி எஃகின் விலை கூடவே, கம்பெனிகள் ஆட்குறைப்பில் இறங்கின. 1987ஆம் ஆண்டில் கமாயிஷி உலைகளை மூடும் திட்டம் வெளியாயிற்று. 1989ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கடைசி ஊதுலையும் அணைந்தது. நூறாண்டுக்கு மேலாக இரும்பு உருக்கிய ஊரில் எஃகுக் கம்பி உருட்டும் பிரிவு மட்டுமே தொடர்ந்து இயங்கியது. பிழைப்புத் தேடி இளைஞர் வெளியேறினர். உச்சத்தில் 92,000 பேர் வாழ்ந்த ஊர், மெல்ல மெல்ல மூன்றில் ஒரு பங்களவுக்குச் சுருங்கியது.

ஆள் குறைந்த ஆலையில் ரக்பிக்கு ஆள் எங்கே கிடைக்கும்? உயர்நிலைப் பள்ளி இளைஞரைச் சேர்த்துப் பல்லாண்டு பயிற்றி உருவாக்கும் பழைய முறைக்கு ஆண்டுதோறும் புது ஊழியர் வேண்டும். ஆலையோ இருப்பவரையே அனுப்பிக்கொண்டிருந்தது. குழு ஆண்டுக்கு ஆண்டு பின்தங்கி, முதல் வரிசைப் போட்டிகளிலிருந்து இறங்கியது. தோல்விக்குக் காரணம் ஆட்டக்காரரின் சோம்பல் அன்று. அவர்களை உருவாக்கிய தொழில் முறையே குலைந்ததுதான் காரணம்.

கம்பெனியிடமிருந்து ஊருக்கு

2001ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கம்பெனிக் குழு என்னும் நிலை முடிவுற்றது. ஆனால் ஊர் அதனைக் கலைய விடவில்லை. கம்பெனியும் நகராட்சியும் ஊர்மக்களும் கூடி, ‘கமாயிஷி சீவேவ்ஸ்’ என்னும் புதிய ரக்பிக் கழகத்தை அமைத்தனர். கடலலைகள் என்பது அப்பெயரின் பொருள். ஆட்டக்காரர் ஒரே ஆலையின் ஊழியராக இருக்க வேண்டியதில்லை. ஊரில் எங்கு வேலை செய்பவரும் ஆடலாம். உடைமையாளராக இருந்த கம்பெனி ஆதரவாளர்களுள் ஒருவராயிற்று.

இதன் அருமையை உணர, பிற கம்பெனிக் குழுக்களின் முடிவை நோக்கவேண்டும். கோபேயின் வோர்ல்ட் என்னும் ஆடைக் கம்பெனியின் குழு 2009இல் கலைக்கப்பட்டது. கியூஷு தீவில் கோகா கோலா கம்பெனியின் குழு 2021இலும், சானிக்ஸ் கம்பெனியின் குழு 2022இலும் மறைந்தன. அவற்றிலும் திறமையும் உழைப்பும் இருந்தன. கம்பெனி கைவிட்டபோது ஏந்திக்கொள்ளத்தான் வேறு கை இல்லாது போயிற்று.

2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் பிற்பகலில் கமாயிஷியின் பழைய பகை மீண்டும் வந்தது. நிலநடுக்கத்தைத் தொடர்ந்து எழுந்த ஆழிப்பேரலையால் இவ்வூரில் மட்டும் ஆயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். உனோசுமாய் என்னும் பகுதியில் தொடக்கப்பள்ளியும் கமாயிஷி கிழக்கு நடுநிலைப்பள்ளியும் அருகருகே இருந்தன. நடுநிலைப்பள்ளி மாணவர் யாருடைய ஏவலுக்கும் காத்திராமல் மேட்டை நோக்கி ஓடினர். அதைக் கண்டு தொடக்கப்பள்ளிச் சிறுவரும் புறப்பட்டனர். மூத்தோர் இளையோரின் கையைப் பற்றி இழுத்துச் சென்றனர். முதலில் நின்ற இடம் போதாதெனக் கண்டு இன்னும் மேலே ஏறினர். இரண்டு பள்ளிகளும் நீரில் மூழ்கின. பள்ளியிலிருந்து ஓடிய ஏறத்தாழ 570 பிள்ளைகள் பிழைத்தனர். முந்தைய பல ஆண்டுகளில் பள்ளியில் திரும்பத் திரும்ப அளிக்கப்பட்ட பயிற்சியே அவர்களைக் காத்தது.

ரக்பிக் கழகத்தார் அப்போது என் செய்தனர்? உடல் வலிமை மிக்க அவர்கள் நிவாரணப் பொருள்களை இறக்கிச் சுமந்தனர். வெளிநாட்டு ஆட்டக்காரரை நாடு திரும்புமாறு அவர்தம் தூதரகங்கள் அழைத்தன. ஆஸ்திரேலியரான ஸ்காட் பார்டி அவ்வழைப்பை ஏற்காமல் ஊரிலேயே தங்கி மக்களோடு பாடுபட்டார். பின்னர்த் தம் நாட்டுக் குழுவில் இடம் பெற்று, 2015ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதி ஆட்டத்திலும் ஆடினார். பழைய இரும்பாலைக் குழுவின் ஆட்டக்காரர்களும் முதிய வயதில் ஊருக்கு உதவி திரட்ட முன்வந்தனர்.

பள்ளி இருந்த இடத்தில்

2019ஆம் ஆண்டு உலகக் கிண்ண ரக்பிப் போட்டி ஜப்பானில் நடைபெறவிருந்தது. அதற்கெனத் தேர்வான 12 இடங்களுள் கமாயிஷியும் ஒன்று, யாவற்றினும் சிறியது. வீடிழந்தோர் பலர் தற்காலிகக் குடில்களில் வாழும்போது திடல் எதற்கு என்று கேட்டோரும் இருந்தனர், அக்கேள்வி நியாயமற்றதன்று. ஆயினும் உலகம் கமாயிஷியை மறவாதிருக்கவும், பிள்ளைகள் எதிர்நோக்க ஒரு நாள் இருக்கவும் இது வேண்டும் என்று பிறர் வாதிட்டனர். நீரில் மூழ்கிய அவ்விரு பள்ளிகளும் நின்ற நிலத்திலேயே திடல் எழுந்து, 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் திறக்கப்பட்டது. முந்தைய ஆண்டில் காட்டுத் தீயிற் கருகிய உள்ளூர் மரங்களை அறுத்து இருக்கைகள் செய்தனர்.

2019ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் அங்கே பிஜியும் உருகுவேயும் மோதின. 14,000க்கு மேற்பட்டோர் கூடினர். மீனவர் கொடிகள் மீண்டும் பறந்தன. வலியதெனக் கருதப்பட்ட பிஜியை உருகுவே 30-27 என வென்றது. அக்டோபர் 13ஆம் நாள் நடக்கவிருந்த நமீபியா-கனடா ஆட்டம் புயலால் கைவிடப்பட்டது. ஆட இயலாத கனடா நாட்டு ஆட்டக்காரர், தெருவில் இறங்கி, ஊர்மக்களோடு சேர்ந்து சேற்றை வாரினர்.

சீவேவ்ஸ் கழகம் பழைய குழுவைப் போல் தேசியப் பட்டம் எதையும் வென்றதில்லை. 2022ஆம் ஆண்டில் தொடங்கிய புதிய ஜப்பானிய லீக்கிலும் அது இரண்டாம் பிரிவிலேயே இடம்பெற்றது. வெற்றியை மட்டும் எண்ணிப் பார்ப்பவர், இரும்பாலைக் குழுவின் வரலாறு 1985ஆம் ஆண்டு ஜனவரியில் முடிந்தது என்றே எழுதுவர்.

ஆனால், உலைகளை மூடும் அதிகாரம் கம்பெனிக்கு இருந்தது. உலையருகே வேலை செய்து, மாலையில் பனியில் ஓடிப் பழகியவர்கள் ஊருக்கு அளித்ததைத் திரும்பப் பெறும் அதிகாரம் அதற்கு இல்லை. அது கணக்கேட்டில் பதிவாகாத சொத்து. ரக்பி ஆட்டத்தில் முன்னேற விரும்புபவன் பந்தைப் பின்னே வருபவனிடம் கொடுத்தே ஆகவேண்டும். கமாயிஷியின் இரும்பு மனிதர்கள் கொடுத்த பந்தை ஏந்திக்கொள்ள, அவர்களுக்குப் பின்னே ஓர் ஊர் முழுவதும் ஓடி வந்துகொண்டிருந்தது.